இந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது? முதியோரின் அறிதிறன் சரிவை மாடலாக்கப் புதிதாக வருவோருக்கு

மூன்று முதியவர்களுக்கு 30 மதிப்பெண் கொண்ட அறிதிறன் தேர்வு ஒன்றை வைக்கிறோம் என்று கொள்வோம். முதல் முறை அவர்கள் வாங்கியது 28, 25, 19. இரண்டு ஆண்டு கழித்து 28, 24, 16. நான்காம் ஆண்டில் முதல் இருவர் வந்து 27, 23 வாங்குகிறார்கள். மூன்றாமவர் வரவில்லை. சராசரி போட்டுப் பாருங்கள்: 24, பிறகு 22.7, பிறகு 25. ஒருவர்கூட ஒரு புள்ளி ஏறவில்லை. குழுவின் சராசரியோ தொடங்கிய இடத்துக்கும் மேலே போய் நிற்கிறது.

இந்தத் துறைக்கு வந்த புதிதில் நான் இதே குழியில்தான் விழுந்தேன். 85 வயதுக்குமேல் நினைவாற்றல் லேசாக ஏறுவதுபோல ஒரு வரைபடம் வந்தது. அதற்கு உடலியல் காரணம் தேடி ஒரு வாரத்தைக் கழித்தேன். அந்த வயதில் எழுந்து வந்து ஒரு மணிநேரம் தேர்வுக்கு உட்காரத் தெம்புள்ளவர்கள் மட்டும்தான் என் தரவில் மிஞ்சியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

எளிய தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு (ரிக்ரெஷன்) தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாடலைப் பொருத்துவது ஒரே வரிக் கட்டளை. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். திரையில் ‘ஆண்டுக்கு இத்தனை புள்ளி குறைகிறது’ என்று ஒரு சாய்வு வந்து நின்றால், அதற்குள் நான்கு சங்கதிகள் கலந்திருக்கின்றன: உண்மையான மாற்றம், அளவுகோலின் கோணல், தேர்வு பழகிப்போனது, வராமல் போனவர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் முதலாவதை மற்ற மூன்றிலிருந்தும் பிரித்தெடுக்கும் முயற்சிதான்.

முதல் படி: கேள்வியில் நிலையா, சரிவா என்று தெளியுங்கள்

‘படிப்பு முதுமையில் அறிவைக் காக்கிறதா?’ இது ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் இரண்டு கேள்விகள். அதிகம் படித்தவர்கள் உயரமான இடத்திலிருந்து தொடங்குகிறார்களா என்பது ஒன்று. அவர்கள் மெதுவாகச் சரிகிறார்களா என்பது இன்னொன்று. மாடலில் முதல் கேள்விக்கு விடை ‘கல்வி’ என்ற மாறியின் கெழுவில் இருக்கும். இரண்டாவதற்கு விடை ‘கல்வி × ஆண்டு’ என்ற இடைவினையின் கெழுவில் இருக்கும். புதிதாக வருபவர்களில் பலர் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். 2020இல் மார்ட்டின் லெவ்டெனும் உடன் பணியாற்றியவர்களும் இதுவரையிலான சான்றுகளைத் தொகுத்து எழுதியதன் சாரம்: கல்விக்கும் அறிதிறனின் நிலைக்கும் உறவு வலுவானது, கல்விக்கும் முதுமைச் சரிவின் வேகத்துக்கும் உறவு மிகச் சிறியது. அதற்காகக் கல்வி பயனற்றது என்று ஆகிவிடாது. இருவரும் ஒரே வேகத்தில் இறங்கினாலும், உயரத்திலிருந்து இறங்குகிறவர் டிமென்ஷியா எல்லைக்கோட்டைத் தொடப் பல ஆண்டுகள் கூடுதலாக ஆகும்.

ஆகவே தரவைத் திறக்கும் முன்பே, ‘யாருடைய, எந்தத் திறன், எந்தக் கால அளவில், எவ்வளவு வேகமாக மாறுகிறது, அந்த வேகம் எதைப் பொறுத்து மாறுகிறது’ என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். அந்த வாக்கியத்தில் ‘மாறுகிறது’ என்ற சொல் இருந்தால், உங்கள் விடை ‘ஆண்டு’ ஒட்டியிருக்கும் கெழுக்களில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: அளவுகோலை நம்பாதீர்கள்

இந்தப் படியில் நான் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன். மாடல் தவறாகப் பொருத்தப்பட்டதால் கெட்ட ஆய்வுகளைவிட, அளவுகோலைக் கவனிக்காததால் கெட்ட ஆய்வுகளையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

1975இல் வந்த எம்எம்எஸ்இ (மினி மென்டல் ஸ்டேட் எக்சாமினேஷன்) என்ற சிறு அறிதிறன் தேர்வை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 30. நாள், இடம் தெரிகிறதா என்பதற்கு 10. மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்ல 3. கவனமும் கணக்கும் 5. அந்த மூன்று சொற்களைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர 3. மொழியும் படம் பார்த்து வரைதலும் 9. டிமென்ஷியாவைச் சந்தேகிக்கும் மருத்துவருக்கு உதவவே இது உருவானது. நலமாக இருக்கும், ஓரளவு படித்த ஒருவருக்கு இது எளிது. 29, 30 என்று குவிந்துவிடும். கூரையில் தலை முட்டுகிறவரின் உயரத்தை அளக்க முடியாது. இதனால் இரண்டு விளைவுகள்.

ஒன்று, கூரைக்கு அருகில் இருப்பவர் உள்ளுக்குள் கணிசமாகச் சரிந்தாலும் மதிப்பெண் அசையாது. இரண்டு, ஒரு புள்ளி என்பது எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. எம்எம்எஸ்இயில் 30இலிருந்து 29க்கு இறங்க, 20இலிருந்து 19க்கு இறங்குவதைவிட அதிக உள்மாற்றம் தேவைப்படுகிறது. அடிக்கோல் ஒன்றில் மேல் முனையில் அங்குலங்கள் நீளமாகவும் நடுவில் குட்டையாகவும் இருந்தால் எப்படியிருக்கும், அப்படி.

இப்போது முதல் படிக்குத் திரும்புங்கள். அதிகம் படித்தவர்கள் கூரைக்கு அருகில் இருக்கிறார்கள். குறைவாகப் படித்தவர்கள் நடுவில். இருவரும் உள்ளுக்குள் ஒரே வேகத்தில் சரிகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மதிப்பெண்ணில் யார் வேகமாகச் சரிவதுபோலத் தெரியும்? குறைவாகப் படித்தவர். ‘கல்வி சரிவைத் தடுக்கிறது’ என்று ஒரு இடைவினை பளிச்சென்று புள்ளியியல் முக்கியத்துவத்தோடு வந்து நிற்கும். அது மூளையைப் பற்றிய செய்தியே இல்லை, அடிக்கோலைப் பற்றிய செய்தி.

என்ன செய்யலாம்? கூரை எளிதில் முட்டாத தேர்வுகள் இருந்தால் அவற்றை எடுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார், பத்துச் சொல் பட்டியலில் எத்தனையைத் தாமதித்து நினைவுகூர்கிறார் போன்றவை எம்எம்எஸ்இயைவிட நன்றாகப் பரவும். எம்எம்எஸ்இ மட்டுமே கையில் இருந்தால், மதிப்பெண்ணுக்கு அடியில் ஒரு மறைதிறன் இருப்பதாகக் கொண்டு, மதிப்பெண்ணுக்கும் அதற்கும் இடையிலான வளைந்த தொடர்பையும் சேர்த்தே மதிப்பிடும் மாடல்கள் இருக்கின்றன. செசில் புரூஸ்ட்-லிமா குழுவினரின் எல்சிஎம்எம் என்ற தொகுப்பு (ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கானது) இதைத்தான் செய்கிறது. எம்எம்எஸ்இ மதிப்பெண்களை ஆயத்தமான மாற்றுப் புள்ளிகளாக்கித் தரும் நார்ம்சை என்ற சிறு தொகுப்பும் உண்டு. குறைந்தபட்சம் ஒன்று செய்யுங்கள்: எல்லாரும் முதல் முறை வாங்கிய மதிப்பெண்களின் பரவல் படத்தை வரைந்து, உச்சப் புள்ளியில் எத்தனை விழுக்காட்டினர் என்று எண்ணுங்கள்.

பல தேர்வுகளைச் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பெண் ஆக்கும்போது இன்னொரு பொறி. ஒவ்வொரு தேர்வையும் சராசரி கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்துச் சேர்ப்பது வழக்கம். அந்தச் சராசரியும் திட்ட விலக்கமும் முதல் சுற்றுடையவையாகவே இருக்க வேண்டும். எல்லாச் சுற்றுக்கும் அதே எண்கள். ஒவ்வொரு சுற்றையும் அதனதன் சராசரியால் திட்டப்படுத்தினால் எல்லாச் சுற்றின் சராசரியும் பூஜ்யம் ஆகிவிடும். நீங்கள் அளக்க வந்த சரிவை நீங்களே துடைத்துவிட்டீர்கள்.

அப்புறம் 99. நீண்டகால ஆய்வுகளில் ‘பதில் சொல்ல மறுத்தார்’, ‘பார்வைக் குறைவால் செய்ய முடியவில்லை’ போன்றவற்றுக்கு 97, 98, 99 என்று குறியீடு போட்டிருப்பார்கள். அவற்றை மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு 30க்கு 99 வாங்கிய மேதைகளோடு ஒரு மாலை முழுவதும் நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்தக் குறியீடுகளை விடுபட்டவையாக மாற்றும்போது, காரணத்தைத் தனி மாறியில் பத்திரப்படுத்துங்கள். ‘தவணை தவறியது’ வேறு, ‘உட்கார்ந்தார், முடியவில்லை’ வேறு. கடைசிப் படியில் இந்த வேறுபாடு தேவைப்படும்.

மூன்றாம் படி: கால அச்சைத் தேர்ந்தெடுங்கள்

கிடையச்சில் வயதைப் போடுவதா, ஆய்வில் சேர்ந்து எத்தனை ஆண்டு என்பதைப் போடுவதா? முதுமை பற்றிய ஆய்வுதானே, வயதைப் போடலாம் என்று தோன்றும். அப்படிப் போட்டால், 70 வயதுக்காரருக்கும் 80 வயதுக்காரருக்கும் இன்று இருக்கும் வேறுபாடும், அந்த 70 வயதுக்காரர் பத்தாண்டில் அடையப்போகும் மாற்றமும் ஒன்றே என்று மாடல் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த இருவரும் வெவ்வேறு காலத்தில் பிறந்தவர்கள், வெவ்வேறு அளவு பள்ளி கண்டவர்கள்.

இதற்கு ஒரு தெளிவான சான்று, 1985இல் லண்டன் அரசு ஊழியர்களை வைத்துத் தொடங்கிய வைட்ஹால் 2 ஆய்வில் இருக்கிறது. அந்த ஆய்வின் 7,390 பேரைப் பத்தாண்டு காலம் மும்முறை சோதித்த முடிவுகள் 2012இல் வெளிவந்தன. 45 முதல் 49 வயதுப் பெண்களின் பகுத்தறியும் திறன், அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது பத்தாண்டில் 3.6% சரிந்திருந்தது. வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே நேரத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் 11.4% என்று வந்திருக்கும். மூன்று மடங்குக்கும் மேல்! மூத்த தலைமுறைப் பெண்களுக்குப் படிப்பு குறைவாகக் கிடைத்ததையும் வயோதிகத்தின் கணக்கில் எழுதியதால் வந்த வீக்கம் அது.

நான் பரிந்துரைப்பது இரண்டையும் போடுவது: சேரும்போதைய வயது, சேர்ந்தபின் கழிந்த ஆண்டு, இரண்டின் இடைவினை. ‘ஆண்டு’ ஒரே ஆளுக்குள் நிகழும் மாற்றத்தைச் சொல்லும்; ‘சேரும்போதைய வயது’ ஆட்களுக்கிடையேயான வேறுபாட்டைச் சொல்லும்; இடைவினை, மூத்தவர்கள் வேகமாகச் சரிகிறார்களா என்பதைச் சொல்லும். வயதை அப்படியே போடாமல் 75ஐக் கழித்துப் பத்தால் வகுத்துப் போடுங்கள். கழிக்காவிட்டால் வெட்டுத்துண்டு என்பது பூஜ்ய வயதில், அதாவது பிறந்த குழந்தை எம்எம்எஸ்இயில் வாங்கும் மதிப்பெண் ஆகிவிடும். வகுக்காவிட்டால் மென்பொருள் விடைக்கு ஒருங்காமல் திணறலாம்.

கால அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஒருமுறைத் தேர்வின் அளவீட்டுப் பிழை 1.5 புள்ளி திட்ட விலக்கம் என்று கொள்வோம். 0, 2, 4 ஆம் ஆண்டுகளில் மூன்று முறை அளந்தால், ஒரு தனி ஆளின் ஆண்டுச் சாய்வில் இருக்கும் திட்டப் பிழை 0.53. எட்டு ஆண்டு காத்திருந்து தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டே முறை அளந்தால் 0.27. அதே எட்டு ஆண்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறையாக ஐந்து முறை அளந்தால் 0.24. உண்மையான சரிவு ஆண்டுக்கு 0.3 புள்ளி என்றால் முதல் திட்டத்தில் ஒரு தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதே பெரிது. ஆனாலும் இரண்டே முறை அளந்தால், சாய்வு ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும் வெறும் அளவீட்டுப் பிழையையும் பிரித்தறிய முடியாது. மூன்றுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நான்காம் படி: நீளத் தரவு, பிறகு படம்

ஒரு ஆளுக்கு ஒரு வரி என்றிருக்கும் தரவை, ஒரு வருகைக்கு ஒரு வரி என்று மாற்றுங்கள். ஆள் எண், வருகை எண், கழிந்த ஆண்டு, மதிப்பெண், மற்ற மாறிகள். கழிந்த ஆண்டு என்பது உண்மையான தேதியிலிருந்து கணக்கிட்டதாக இருக்கட்டும். ‘இரண்டாம் சுற்று என்றால் 2’ என்று போடாதீர்கள். நிஜத்தில் வருகைகள் பல மாதம் முன்பின் போகும்.

பழகக் கையில் தரவு இல்லை என்று கவலை வேண்டாம். 1988இல் பிரான்சின் தென்மேற்கில் 65 வயதுக்கு மேற்பட்ட 3,777 பேரோடு தொடங்கிய பாக்விட் ஆய்விலிருந்து 500 பேரின் தரவு எல்சிஎம்எம் தொகுப்புக்குள்ளேயே வருகிறது. எம்எம்எஸ்இ, காட்சி நினைவுத் தேர்வு, சொல் வேகத் தேர்வு, வயது, பால், தொடக்கப்பள்ளிச் சான்றிதழ் பெற்றாரா, டிமென்ஷியா வந்ததா, எந்த வயதில் என்று எல்லாம் இருக்கும். இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு சிக்கலும் அதில் நேரிலேயே தெரியும். எம்எம்எஸ்இயின் பரவல் படத்தை வரைந்தாலே கூரை கண்ணில்படும்.

எல்லாருடைய கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்தால் சிக்கெடுக்காத நூல்கண்டுபோல இருக்கும், ஒன்றும் புரியாது. சமவாய்ப்பில் 30 பேரை எடுத்து ஆளுக்கொரு சிறு கட்டமாக வரையுங்கள். பிறகு, எத்தனை முறை வந்தார்கள் என்பதை வைத்து ஆட்களைப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் சராசரிக் கோடு. ஓரிரு முறை வந்து நின்றுவிட்டவர்கள் முதல் நாளிலேயே கீழே இருந்தார்களா? பெரும்பாலும் இருந்திருப்பார்கள். தொடக்கத்தில் சொன்ன மூன்றாமவர் அவர்களில் ஒருவர்தான்.

ஐந்தாம் படி: மாடலைப் பொருத்துங்கள்

1982இல் நேன் லேர்டும் ஜேம்ஸ் வேரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தத் துறையின் அன்றாடக் கருவி கலப்பு விளைவு மாடல்தான். சொற்களில் எழுதினால் இவ்வளவுதான்:

மதிப்பெண் = (பொதுத் தொடக்கம் + அவரவர் விலகல்) + (பொதுச் சாய்வு + அவரவர் விலகல்) × ஆண்டு + மீதிப் பிழை

பொதுவானவை நிலை விளைவுகள். அவரவர் விலகல்கள் சமவாய்ப்பு விளைவுகள். ஒவ்வொருவரின் விலகலையும் தனித்தனியாக மதிப்பிடாமல், அவை இயல்நிலைப் பரவலில் வருகின்றன என்று கொண்டு அந்தப் பரவலின் அகலத்தை மட்டும் மதிப்பிடுகிறோம். ஆர் மொழியில் எல்எம்இ4 அல்லது என்எல்எம்இ, பைதானில் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் போதும். மீதிப் பிழைகளுக்கிடையே காலத் தொடர்பு வேண்டுமென்றால் என்எல்எம்இ பக்கம் போங்கள். எல்எம்இ4 அதைத் தராது.

எடுத்த எடுப்பிலேயே முழு மாடலுக்குப் போகாதீர்கள். முதலில் ஆண்டும், ஆளுக்கொரு தொடக்கமும் மட்டும். அடுத்து ஆளுக்கொரு சாய்வு. அடுத்து ஆண்டின் வர்க்கம் வேண்டுமா என்று பாருங்கள். எட்டுப் பத்தாண்டுத் தொடர்ச்சி இருந்தால் அநேகமாக வேண்டும், ஏனென்றால் சரிவு போகப்போக வேகமெடுக்கும். கடைசியில்தான் வயது, கல்வி, பால், உங்கள் கேள்விக்குரிய மாறி, இவற்றோடு ‘ஆண்டு’ சேரும் இடைவினைகள். ஆளுக்கொரு சாய்வை விட்டுவிட்டு இடைவினையைச் சோதித்தால் திட்டப் பிழை செயற்கையாகச் சுருங்கி, இல்லாத விளைவுகள் எல்லாம் இருப்பதுபோலக் காட்டும்.

நிலை விளைவுகள் வேறுபடும் இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது சாதாரண மாக்சிமம் லைக்லிஹுட் முறையில் பொருத்துங்கள். இறுதி மாடலை ரெம்எல் (அதன் கட்டுப்படுத்தப்பட்ட வடிவம்) முறையில். சாய்வுகளின் பரவல் பூஜ்யம் என்றோ, தொடக்கத்துக்கும் சாய்வுக்குமான ஒட்டுறவு துல்லியமாக 1 என்றோ மென்பொருள் எச்சரித்தால், அதை வாயடைக்க வேறு கணக்கீட்டு வழிமுறைக்கு மாறி மாறி ஓடாதீர்கள். ‘இவ்வளவு குறைந்த வருகைகளை வைத்து இதைச் சொல்ல முடியாது’ என்று தரவே சொல்கிறது.

‘எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்கவில்லையே, முதல் மதிப்பெண்ணையும் விளக்கும் மாறியாகச் சேர்த்துவிடலாமா?’ என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். சேர்க்காதீர்கள். முதல் மதிப்பெண்ணில் அளவீட்டுப் பிழை இருக்கிறது. அன்று தற்செயலாக நன்றாகச் செய்தவர் அடுத்த முறை சராசரியை நோக்கி இறங்குவார், மோசமாகச் செய்தவர் ஏறுவார். முதல் நாளில் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவர் அதிகம் படித்தவர், மற்றவர் குறைவாகப் படித்தவர் என்றால், படித்தவருக்கு அன்று மோசமான நாள், படிக்காதவருக்கு அன்று நல்ல நாள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். அடுத்த முறை இருவரும் அவரவர் இயல்புக்குத் திரும்பும்போது கல்வி காப்பாற்றியதுபோலத் தெரியும். மரியா கிளைமோர் குழுவினர் 2005இல் இதே கல்வி உதாரணத்தை வைத்தே இந்தப் பிழையை விளக்கியிருக்கிறார்கள். கலப்பு மாடலில் ஆளுக்கொரு தொடக்கம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அது போதும்.

ஆறாம் படி: பழகிப்போனதைக் கழியுங்கள்

முதல் முறை பதற்றம், அறிவுறுத்தல் புரிவதற்குள் பாதி நேரம் போய்விடும். இரண்டாம் முறை என்ன கேட்பார்கள் என்று தெரியும். இந்த ஏற்றம் முதல் வருகைக்கும் இரண்டாவதற்கும் இடையில்தான் அதிகம், பிறகு அடங்கும். எளிய தீர்வு, ‘இது முதல் வருகையா’ என்று 0/1 மாறி ஒன்றைச் சேர்ப்பது. இதைச் சேர்த்ததும் ஆண்டுச் சரிவு செங்குத்தாகலாம்; திடுக்கிட வேண்டாம், பழக்கம் மூடியிருந்த சரிவு வெளியே தெரிகிறது. நலமானவர்கள் அதிகம் பழகிக்கொள்வார்கள், நினைவு தளர்ந்தவர்கள் பழகிக்கொள்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். பழக்கத்தால் ஏறாமல் இருப்பதே சிலருக்கு ஒரு முன்னறிகுறி.

ஏழாம் படி: வராதவர்களும் இறந்தவர்களும்

தரவு விடுபடுவதைப் பற்றி 1976இல் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் வகுத்த மூன்று வகை இங்கே உயிர்நாடி. ஒருவர் வராமல் போனது முற்றிலும் தற்செயலாக இருக்கலாம்: தேர்வு நாளன்று மழை. அல்லது, ஏற்கெனவே நாம் பார்த்த தரவால் விளக்கக்கூடியதாக இருக்கலாம்: போன முறை 16 வாங்கினார், அதனால் வரவில்லை. அல்லது, நாம் பார்க்காத மதிப்பையே சார்ந்திருக்கலாம்: போன முறைக்குப் பிறகு சடாரென்று சரிந்தார், அதனால் வரவில்லை.

கலப்பு மாடலின் பெரிய வரம், முதல் இரண்டு வகைகளையும் அது தாங்கும் என்பது. மூன்றாமவர் நான்காம் ஆண்டில் வராவிட்டாலும், 19இலிருந்து 16க்கு இறங்கிய அவருடைய பாதை மாடலுக்குள் இருக்கிறது. எல்லா முறையும் வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தூக்கியெறிந்தால் இந்த வரத்தை நீங்களே வேண்டாம் என்கிறீர்கள். ஒருமுறை மட்டும் வந்தவர்களையும் வைத்திருங்கள். தொடக்கநிலையைப் பற்றி அவர்கள் சாட்சி சொல்கிறார்கள்.

மூன்றாவது வகையை எந்தச் சோதனையாலும் தரவுக்குள்ளிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்தத் துறையில் அது அரிதல்ல. பாக்விட் ஆய்வின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அல்சைமர் டிமென்ஷியா கண்டறியப்படுவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே சில திறன்கள் சரியத் தொடங்குவதைக் காட்டியது. கடைசி ஆண்டுகளில் அந்தச் சரிவு வேகமெடுக்கிறது. ஒருவர் காணாமல் போவதும் பெரும்பாலும் அந்த வேகமெடுக்கும் கட்டத்தில்தான்.

இறப்பு இதிலிருந்தும் வேறானது. இடைவிலகியவருக்கு இன்று ஒரு மதிப்பெண் இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது. இறந்தவருக்கு மதிப்பெண் என்ற ஒன்றே இல்லை. சாதாரணக் கலப்பு மாடல் இந்த வேறுபாட்டை அறியாது. அவர் உயிரோடு தொடர்ந்திருந்தால் எப்படிச் சரிந்திருப்பார் என்பதையும் சேர்த்தே, யாரும் சாகாத ஓர் உலகத்தின் சாய்வைத் தரும். மருத்துவமனைத் திட்டமிடலுக்கு அந்த உலகம் பயன்படாது. நோயின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள அது பயன்படலாம். எது வேண்டும் என்று முடிவுசெய்து எழுதுங்கள். மதிப்பெண் பாதையையும் இறப்பு அல்லது டிமென்ஷியா வரும் காலத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் கூட்டு மாடல்களும் உண்டு. டிமிட்ரிஸ் ரிசோபொலஸ் எழுதிய ஜேஎம், ஜேஎம்பேயஸ்2 என்ற ஆர் தொகுப்புகள் நல்ல தொடக்கம். முதல் மாதத்திலேயே அங்கே போக வேண்டாம்.

போகாமல் இருக்க வேண்டிய இன்னும் இரண்டு இடங்கள். ‘நிலையானவர்கள், மெதுவாகச் சரிபவர்கள், வேகமாகச் சரிபவர்கள்’ என்று மறைகுழுக்களைக் கண்டுபிடிக்கும் மாடல்கள் கண்ணைக் கவரும். கூரை விளைவால் பரவல் கோணலானாலே போதும், இல்லாத குழுக்களும் முளைத்துவிடும். மாடல் தந்த ஆளுக்கொரு சாய்வை எடுத்துத் தனித் தொடர்புப்போக்கில் போடுவதும் கூடாது. குறைவான வருகை உள்ளவரின் சாய்வு பொதுச் சராசரியை நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். அந்த மாறியை முதல் மாடலிலேயே இடைவினையாகப் போடுங்கள்.

எட்டாம் படி: எழுதுங்கள், பிறகு உலுக்கிப் பாருங்கள்

கெழுக்களின் அட்டவணையை அப்படியே ஒட்டாமல் வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘75 வயதில் சேர்ந்த, தொடக்கப்பள்ளி முடித்த ஒரு பெண்ணின் மதிப்பெண் ஆண்டுக்கு 0.20 புள்ளி சரிகிறது. 85 வயதில் சேர்ந்தவருக்கு 0.45’ என்பதுபோல. (எண்கள் கற்பனை.) அப்படி எழுத வரவில்லையென்றால் மாடல் இன்னும் உங்களுக்குப் புரியவில்லை. நம்பிக்கை இடைவெளியைத் தவறாமல் சேருங்கள். விளைவின் பெருமையை உணர்த்த, வயதோடு ஒப்பிடுவது நல்ல உத்தி: ‘இந்தக் காரணி உள்ளவர்கள் இரண்டு வயது மூத்தவர்களின் வேகத்தில் சரிகிறார்கள்’ என்றால் யாருக்கும் புரியும்.

கடைசியாக, மூன்றாவது வகை இடைவிலகலுக்கான உலுக்கல். விடுபட்ட மதிப்பெண்களைப் பன்முறை நிரப்பும் முறையில் (ஒவ்வொன்றையும் பலமுறை வெவ்வேறாக நிரப்பி விடைகளைத் தொகுப்பது) மாடலின் கணிப்பை வைத்து நிரப்புங்கள். பிறகு நிரப்பிய ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் 1 புள்ளி கழித்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்டுங்கள். அடுத்து 2, அடுத்து 3. இறந்த தேதிக்குப் பின் வரும் வருகைகளை நிரப்பவே வேண்டாம். ‘உட்கார்ந்தார், முடியவில்லை’ என்று இரண்டாம் படியில் தனியே எடுத்துவைத்தவர்களுக்கு மட்டும் அதிகமாகக் கழித்தும் ஒருமுறை பாருங்கள். எத்தனை புள்ளி கழித்தபோது உங்கள் முடிவு தலைகீழானது என்பதைக் கட்டுரையில் எழுதுங்கள். 1 புள்ளியிலேயே கவிழ்ந்தால் சுருக்கவுரையில் அதைச் சொல்லுங்கள். 5 புள்ளி கழித்தும் நின்றால், வராதவர்கள் அவ்வளவு தூரம் சரிந்திருக்க முடியுமா என்று அந்தத் தேர்வை நேரில் நடத்துகிறவரிடம் கேளுங்கள். அவருக்கு அந்த ஆட்களைத் தெரிந்திருக்கும்.